நெடுக்குக் கோடு

ஜூலை 3, புதன்

காலை: இட்லி மூன்று. மதியம்: சாதம் ஒரு கரண்டி, கீரை. மாலை: டீ, சர்க்கரை இல்லாமல்.

சாப்பிடுவதை எல்லாம் எழுதி வைத்தால் எடை தானாகக் குறையும் என்று போன வருஷம் அங்கன்வாடிப் பணியாளர் பயிற்சியில் சொன்னார்கள். அங்கே கொடுத்த டைரிதான் இது. இன்றைக்குத்தான் பிரிக்கிறேன்.

மஸ்கட்டிலிருந்து அவர் காலையில் பேசினார். டிக்கெட் போட்டாகிவிட்டதாம். ஆகஸ்ட் பதினொன்று, ஞாயிறு காலை திருச்சியில் இறங்குகிறார். நாலு வருஷம். மகள் சுபி ஆறாவது படிக்கும்போது போனவர், இப்போது அவள் பத்தாவது.

"சந்தோஷம்தானே?" என்று கேட்டார்.

"இது என்ன கேள்வி," என்றேன்.

போனை வைத்ததும் காலண்டரைப் பார்த்தேன். முப்பத்தொன்பது நாள் இருக்கிறது.

இன்று பிள்ளைகளுக்கு எடை போடும் நாள். எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, கர்ப்பிணிகளுக்கு வைத்திருக்கும் மெஷினில் நான் ஏறினேன். 86.4. அவர் போனபோது 64. தரை சமமாக இல்லை, அதனால் ஒன்றிரண்டு கூடக் காட்டும்.

ஜூலை 6, சனி

தோசை இரண்டு. மதியம் கொள்ளு ரசம். நாலு மணிக்கு முறுக்கு ஒன்று. ஒன்றரை.

வீடியோவில் பேசினார். நான் வழக்கம்போல நிலைப்படியில் சாய்ந்து, போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்படிப் பிடித்தால் முகம் மட்டும்தான் தெரியும். ஒன்றரை வருஷமாக இப்படித்தான். அவரும் முகத்தை மட்டும்தான் காட்டுவார், தலையணையில் சாய்ந்தபடி. ரூமில் நாலு பேர், வெளிச்சம் போடக் கூடாதாம். ஏப்ரலில் அவருடைய போன் டிஸ்ப்ளே உடைந்து மூன்று வாரம் வீடியோவே கிடையாது. அதற்குப் பிறகு இந்த இருட்டுதான்.

"நான் வந்தா குழம்புல காரம் கம்மியா வை," என்றார்.

காரம் இல்லையென்றால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற மனுஷன். வயசாகிறது.

நான் எடையைக் குறைப்பது முட்டி வலிக்காகத்தான். டாக்டரும் தைராய்டு மாத்திரை எழுதும்போது அதைத்தான் சொன்னார். வேறு காரணம் இல்லை.

ஜூலை 11, வியாழன்

85.9.

ஜூலை 14, ஞாயிறு

சுபி என் பீரோவைத் திறந்து, கட்டிலில் எல்லாச் சேலையையும் பரப்பினாள். "எல்லாத்துலயும் பெரிய பெரிய பூ. இதக் கட்டினா இன்னும் குண்டாத்தான் தெரிவே. நெடுக்கக் கோடு போட்டது போடும்மா. பார்க்கிறவங்க கண்ணு மேலயும் கீழயும் ஓடும், அகலம் தெரியாது."

"யாரு சொன்னா?"

"போன்ல வந்துச்சு."

திட்டிவிட்டுச் சேலைகளை மடித்து வைத்தேன். சாயந்திரம் பேராவூரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் போக வேண்டியிருந்தது. வழியில் இருந்ததால் மும்தாஜ் அக்கா தையல் கடைக்குள் எட்டிப் பார்த்தேன்.

அக்காவிடம் சேலை என்றுதான் ஆரம்பித்தேன். தலையை ஆட்டிவிட்டார்.

"சேலையில கோடு சரிவராது வாசுகி. கொசுவத்துல நெடுக்க விழுற கோடு, முந்தானைக்குப் போனதும் குறுக்கால படுத்துக்கும். கீழ மறைச்சத மேல காட்டிக் குடுத்துடும். சுடிதாரா தச்சுக்க."

"இந்த வயசுல சுடிதாரா அக்கா?"

"முப்பத்தெட்டு ஒரு வயசா?"

கருநீலத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும் துணியை எடுத்து என் தோளில் போட்டுப் பார்த்தார். கோடு மெலிசாக இருக்க வேண்டுமாம், பட்டையாக இருந்தால் கதை கெட்டுவிடுமாம். குறுக்குக் கோட்டை மட்டும் குண்டானவர்கள் கனவிலும் தொடக் கூடாதாம். நான் கொஞ்சம் இறுக்கமாகவே தைக்கச் சொன்னேன், இறுக்கினால் அடங்கும் என்று.

"அந்தத் தப்பப் பண்ணாத. இறுக்கினா நேர்க்கோடு வளையும். உன் வயிறு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு படம் போட்டுக் காட்டிடும். தளர விட்டாத்தான் கோடு கோடா நிக்கும்."

அளவெடுத்தார். வழக்கமாக ஒவ்வொரு அளவையும் உரக்கச் சொல்லி, மெஷினில் இருக்கும் பெண்ணை எழுதச் சொல்வார். இன்று டேப்பைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தானே எழுதி மடித்துக்கொண்டார்.

ஜூலை 22, திங்கள்

மதியம் ஒன்றும் சாப்பிடவில்லை. மூன்று மணிக்குத் தலை சுற்றிற்று. பிள்ளைகளுக்கு வைத்த சத்துமாவு உருண்டை இரண்டு மிஞ்சியிருந்தது. சாப்பிட்டுவிட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

"ஏர்போர்ட்டுக்கு நீங்க யாரும் வர வேணாம்," என்றார் இன்று. "வெயில்ல எதுக்கு அலையணும். நான் டாக்சி புடிச்சு வந்துர்றேன்."

போன தடவை வந்தபோது கம்பி ஓரமாக முதல் ஆளாக நிற்கவில்லை என்று கோபித்துக்கொண்டவர் இவர்.

சரி என்று சொல்லிவிட்டேன். நல்லதுதான், எனக்கும் அலைச்சல் மிச்சம். பிறகு ரொம்ப நேரம் துணி துவைத்தேன். துவைத்ததையே திரும்பத் துவைத்தேன் என்று சுபி சொல்லித்தான் தெரிந்தது.

அவருக்குத் தெரிந்திருக்குமோ? போனில் கன்னம் தெரியத்தானே செய்யும். நாலு பேர் பார்க்கிற இடத்தில் என் பக்கத்தில் நிற்கக் கூச்சமாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சுடிதார் தயார். போட்டுக்கொண்டு மும்தாஜ் அக்கா கடைக் கண்ணாடி முன்னால் நின்றேன். பக்கவாட்டுத் தையலில் முன்பக்கக் கோடும் பின்பக்கக் கோடும் ஒன்றோடொன்று சரியாகச் சேர்ந்திருந்தன. எத்தனை தடவை பிரித்துத் தைத்தாரோ.

கோடுகள் தோளிலிருந்து இறங்கி எங்கும் நிற்காமல் முழங்காலுக்குக் கீழே போயின. பத்து கிலோ குறைந்த மாதிரி இருக்கிறது என்றாள் மெஷினில் இருந்த பெண். பத்து இல்லை. ஐந்து இருக்கும்.

ஏர்போர்ட்டுக்குப் போகப்போகிறேன். சுபியிடமும் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 10, சனி

84.7. இனிமேல் ஏறப்போவதில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

விடிவதற்குள் காரில் கிளம்பினோம். எட்டரைக்கு ஆட்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, உயரமாகத் தோள் அகன்ற ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் எல்லாரையும் பார்த்தேன். அவரைக் காணவில்லை.

"அப்பா," என்றாள் சுபி.

அவள் கை காட்டிய ஆளை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். பார்த்து, யாரோ வயசானவர் என்று தாண்டிப் போயிருந்தேன். தள்ளுவண்டியைத் தள்ளாமல் அதன் மேல் சாய்ந்து நடந்து வந்தார். கன்னம் ஒட்டி, சட்டைக்குள் தோள் எலும்பு இரண்டும் ஹேங்கர் மாதிரி நின்றன. பெரிய டி-சர்ட். சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டைப் பட்டையாகக் குறுக்குக் கோடு. உள்ளே இன்னும் ஒரு சட்டை, அதற்குள் ஒரு பனியன். ஆகஸ்ட் வெயிலில்.

என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். வர வேண்டாம் என்று சொன்னேனே என்பதுதான் முகத்தில் முதலில் தெரிந்தது. பிறகு என்னை மேலிருந்து கீழே பார்த்தார். நான் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"நல்லா இருக்கே வாசு," என்றார்.

"என்னங்க இது?"

"சாப்பாடு ஒத்துக்கல. வேற ஒண்ணுமில்ல. வா போவோம்."

காரில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். புதுக்கோட்டை தாண்டும்வரை நான் அசையவில்லை. கை மரத்துப்போனது. நான் நாற்பது நாளாக என்னைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஹாலில் படுத்துக்கொள்கிறேன் என்றார். அறையில் வெக்கையாம். ஹாலில் ஃபேன் நன்றாகச் சுற்றும், சரிதான்.

குளிக்கப் போனால் முக்கால் மணி நேரம். உள்ளே தாழ்ப்பாள்.

ஆகஸ்ட் 14, புதன்

அவர் அக்கா தனபாக்கியம் அண்ணி ஆலங்குடியிலிருந்து வந்தார். தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாலைவனத்துல காஞ்சு எலும்பா வந்து நிக்கிறான். இங்க ஒண்ணும் குறையில்ல போலருக்கு. உடம்பே சொல்லுதே."

நான் காபி எடுத்து வரப் போனேன். இன்று அதே நெடுக்குக் கோட்டுச் சுடிதார்தான் போட்டிருந்தேன். அடுப்படியில் நின்று அதைக் கையால் நீவிவிட்டேன். ஹாலில் அவர் ஏதாவது பதில் சொல்வார் என்று காது கொடுத்தேன். டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிட்டு அங்கன்வாடியை மூடிக்கொண்டு பத்து மணிக்கே வந்துவிட்டேன். சுபி பள்ளியில் இருந்தாள். வாசல் கதவு சும்மா சாத்தியிருந்தது. கொல்லைப் பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம்.

துவைக்கிற கல்லில் சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு நீளத் தழும்பு. இடது பக்கத்தில், தொப்புளுக்குத் தள்ளி, சிவப்பாக ஒரு சின்ன வாய் மாதிரி. அதில் ஒட்டியிருந்த பை கழன்று, காலில் எல்லாம் வழிந்திருந்தது. ஒரு கையால் அதை மறைத்துக்கொண்டு, இன்னொரு கையால் தண்ணீர் ஊற்ற முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்.

"உள்ள போ," என்றார். "பார்க்காத. உள்ள போ வாசு."

எனக்கு என்ன தோன்றிற்று என்று யோசித்து எழுத வரவில்லை. கை தானாக வேலை செய்தது. ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைகளைக் கழுவி விடுகிறேன். செருப்பை உதறிவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு, வாளியை இழுத்துப் போட்டேன். காலைக் கழுவினேன். துணியை நனைத்து வயிற்றைத் துடைத்தேன்.

"வலிக்குதா?"

"அதுல வலி தெரியாது. சுத்தியுள்ள தோலு எரியும்."

புதுப் பை எங்கே என்று கேட்டேன். சூட்கேஸில் லுங்கிக்கு அடியில் என்றார். எடுத்து வந்தேன். எப்படி ஒட்டுவது என்று சொல்லிக் கொடுத்தார், நான் ஒட்டினேன். முதல் தடவை கோணலாகிப் பிரித்து மறுபடி ஒட்டினேன்.

துண்டைப் போர்த்தி உட்கார வைத்த பிறகு அவராகச் சொன்னார். ஏப்ரலில் வேலை நேரத்தில் வயிற்றுவலி வந்து சுருண்டு விழுந்திருக்கிறார். குடலில் ஓட்டை. உடனே ஆபரேஷன், இருபது நாள் ஆஸ்பத்திரி. குடல் ஆறும்வரை மலம் வயிற்று வழியாக இந்தப் பைக்குத்தான் வரும். ஆறு மாதத்துக்குள் இன்னோர் ஆபரேஷன் செய்து மூடிவிடலாமாம். அதற்காகத்தான் வந்திருக்கிறார்.

"டிஸ்ப்ளே ஒடையல," என்றார்.

"தெரியுது."

"செல்லதுரைதான் கூட இருந்து பார்த்துக்கிட்டான். ரூம்காரன். இந்த டி-சர்ட்டும் அவன் எடுத்துக் குடுத்ததுதான். குறுக்குக் கோடு போட்டா ஆளு பூசினாப்பல தெரிவானாம். லூசா இருந்தா பையும் தெரியாதாம்." கொஞ்சம் சிரித்தார். "உன்னப் பார்க்கும்போது ரொம்ப மோசமாத் தெரியக் கூடாதுன்னு அதத்தான் போட்டுக்கிட்டு வந்தேன்."

நான் நெடுக்குக் கோட்டுச் சுடிதாரில் தொடைவரை நனைந்து, நாறிப்போய் உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து அழுகையில் போய் முடிந்தது. அவர் என் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அவரோடு இன்று பேசவில்லை. கஞ்சி வைத்தேன். பை மாற்றினேன். பேசவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

"எதுக்கு இப்ப கோவம்?" என்றார்.

எனக்கும் நேற்று முழுக்கத் தெரியவில்லை. இன்று கேட்டதும் வந்துவிட்டது. "அறுத்துப் போட்டுப் படுத்திருந்தீங்க. நான் இங்க பிள்ளைங்களுக்கு ஆத்திச்சூடி சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்தேன். ஏதாவது ஆயிருந்தா எனக்கு யாரு சொல்லியிருப்பா? செல்லதுரையா? அவரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க."

"நீ பயந்துருவே."

"பயப்படுறதுக்குக்கூட எனக்குப் பாத்தியதை இல்லியா?"

"நீ மட்டும் என்ன? ஒன்றரை வருஷமா உன் கழுத்துக்குக் கீழ நான் பார்க்கவே இல்ல. கை வலிக்கத் தூக்கிப் புடிச்சுக்கிட்டுப் பேசுவே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"தெரியுமா?"

"கன்னம் போனுக்குள்ள அடங்கல வாசு."

பிறகு சொன்னேன், இதுவரை யாரிடமும் சொல்லாததை. அவர் போன பிறகும் மூன்று பேருக்குத்தான் உலை வைக்கிறேன். கை அந்த அளவில்தான் அரிசி எடுக்கிறது. சுபி சாப்பிட்டு, நான் சாப்பிட்டு, அப்புறம் அவர் பங்கு பானையில் இருக்கும். அதைக் கொட்ட மனம் வராது. நாய்க்கு வைக்கவும் மனம் வராது. நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுவேன்.

"நாலு வருஷமா?"

"ஆமா."

"என் சோத்தையும் நீதான் சாப்பிட்டிருக்கே. அதான் நான் இப்படி ஆயிட்டேன்," என்றார்.

இதற்கு நான் சிரிக்கவில்லை என்றால் மனுஷியே இல்லை.

மத்தியானம் அறைக்கு வந்து படுத்துக்கொண்டார். ஹாலில் வெக்கை என்றார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்தோம். உள்ளே நன்றாக ஆறியிருக்கிறது. செப்டம்பர் பதினாறாம் தேதி ஆபரேஷன். அதற்குள் நாலைந்து கிலோவாவது ஏற வேண்டும் என்றார் டாக்டர். "வீட்டுல நல்லா கவனிப்பாங்க போலருக்கே," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு முதன்முறையாக அது வலிக்கவில்லை. கொஞ்சம்தான் வலித்தது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தனபாக்கியம் அண்ணி மறுபடி வந்தார். இந்தத் தடவை இவரே எழுந்து டி.வி.யை அணைத்துவிட்டார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்," என்று சட்டையைத் தூக்கிப் பையைக் காட்டினார். அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

"இது ஏப்ரல்லருந்து இருக்கு. யாருகிட்டயும் சொல்லல, வாசுகிகிட்டயும் சொல்லல. அவளுக்குத் தெரியாது. இப்ப அவதான் ஒரு நாளைக்கு ரெண்டு தடவ கழுவி மாத்துறா. அன்னிக்கு நீ பேசினப்ப நான் வாயத் தொறந்திருக்கணும். தொறக்கல. என் தப்பு."

அண்ணி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்கிறவரும் இல்லை. மறுநாள் காலை பஸ்ஸில் தெரிந்தவர் கையில் ஒரு தூக்குவாளி வந்தது. உயிரோடு இரண்டு விரால் மீன். புண்ணை ஆற்றுமாம்.

(இதை 26ஆம் தேதி சேர்த்து எழுதினேன்.)

செப்டம்பர் 8, ஞாயிறு

அவர் 52லிருந்து 55.5. அங்கன்வாடி மெஷினில்தான் ஏற்றினேன். நீயும் ஏறு என்றார். ஏறினேன், அவர் பார்க்கவே. 85.1. "நம்ம ரெண்டு பேரையும் கூட்டி ரெண்டால வகுத்தா சரியா வருது," என்றார். எழுபது சொச்சம். சுபி நடுவில் புகுந்து தானும் ஏற வேண்டும் என்றாள்.

செப்டம்பர் 12, வியாழன்

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. சுபி மும்தாஜ் அக்கா வீட்டில்.

செப்டம்பர் 16, திங்கள்

காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பதினொன்றே முக்காலுக்குக் கதவு திறந்தது. நல்லபடியாக முடிந்தது என்றார்கள். நடுவில் என்ன செய்தேன் என்று நினைவில்லை. பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெயர் கேட்கவில்லை.

செப்டம்பர் 18, புதன்

இன்று நடக்க வைக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னார். படுத்தே கிடந்தால் குடல் வேலை செய்யாது. வார்டு ஊழியர் வேறு படுக்கையில் இருந்தார்.

"நானே தூக்குறேன் சிஸ்டர்."

நர்ஸ் சொல்லிக் கொடுத்தார். ஒரு கையை முதுகுக்கு அடியில் விடு, இன்னொரு கையை முழங்காலுக்கு அடியில். அவர் இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொள்ளட்டும். வயிற்றை முக்கக் கூடாது. பாரம் முழுக்க நீதான் வாங்க வேண்டும்.

வாங்கினேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். பிறகு நின்றார். நின்றதும் கால் மடிந்து முழுசாக என் மேல் சரிந்தார். நான் அசையவில்லை. என் கால் இரண்டும் அகன்று, தரையில் ஊன்றி நின்றன. அவர் முகம் என் தோளில் இருந்தது.

"விழுந்துருவேன் வாசு."

"விழ மாட்டீங்க. என்னைத் தாண்டி எங்க விழுவீங்க."

வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய் வந்தோம். இருபத்திரண்டு கட்டில். எல்லாரும் பார்த்தார்கள். அரைவாசி வந்த பிறகுதான் நான் துப்பட்டா போடவே இல்லை என்பது தெரிந்தது.

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி ஒல்லியான பெண், ஒரத்தநாட்டுக்காரி. தயங்கித் தயங்கி வந்தாள். "அக்கா, எங்க வீட்டுக்காரரையும் ஒரு கை தூக்கி விடுறீங்களா? என்னால முடியல."

தூக்கி விட்டேன். அவர் கொஞ்சம் கனம்தான்.

செப்டம்பர் 19, வியாழன்

காலை அரை டம்ளர் கஞ்சித் தண்ணீர் குடித்தார். வாந்தி இல்லை. மறுபடி இரண்டு நடை. மூன்றாவது நடைக்கு அவரே, "வா, போவோம்," என்றார்.

நேற்றுப் போட்ட உடுப்பில் மருந்து கொட்டிவிட்டது. சுபிக்கு போன் செய்து, மும்தாஜ் அக்காவோடு பஸ்ஸில் வரும்போது எனக்கு மாற்றுத் துணி எடுத்து வரச் சொன்னேன்.

"எதும்மா எடுத்துட்டு வர?"

"பீரோவத் தொறந்தா கைக்கு எது வருதோ அது. காஞ்சிருந்தாப் போதும்," என்றேன். அவர் எழுந்து உட்காரக் கை நீட்டினார், போனை வைத்துவிட்டேன்.